ஏரிக்கரை வீட்டில ஆகஸ்ட் கடைசி: தூண்டில் போடப் போனமோ, பீலி வழிக்கப் போனமோ?

கரைவலை | ஆகஸ்ட் 16, இரவு 10.52

கனகாலமா வாசிக்கிறதோட நிண்ட ஆள் நான். இண்டைக்கு எழுதாமல் இருக்க ஏலேல்லை.

போன ஒக்டோபரில நானும் ரெண்டு மச்சான்மாரும் சேர்ந்து கனடாவில, ஒன்ராறியோவில, ஸ்டேர்ஜன் ஏரிக்கரையில, பொப்கேஜன் எண்ட ஊருக்குக் கிட்ட, ஒரு பழைய கொட்டேஜ் (லீவு வீடு) வாங்கினனாங்கள். மூண்டு அறை, ஒரு குளியலறை, ஒரு கோணல் டொக் (படகு கட்டுற மரமேடை), ஒரு அலுமினியப் படகு. இதுதான் முதல் கோடை. ஆகஸ்ட் கடைசி எனக்கு விழுந்த முறை. லீவு போட்டு மனுசி, மகள் (13), மகன் (9), அம்மா (71) எல்லாரையும் ஏத்திக்கொண்டு ஸ்காபரோவில இருந்து நேற்று வந்து சேர்ந்தம்.

என்ர கணக்கு இப்பிடி: விடிய அஞ்சரைக்குத் தூண்டில், எட்டு மணிக்குத் தேத்தண்ணி, பேந்து ஒரு குட்டி நித்திரை, பின்னேரம் திரும்பத் தூண்டில்.

நடந்தது: குழாயைத் திறந்தால் காத்து வருது. பம்ப் உறுமுது, தண்ணி இல்லை. கூரைப்பீலி முழுக்கப் பைன் ஊசி, அதுக்குள்ள ஒரு சின்ன மரமே முளைச்சு நிக்குது. டொக்கில ரெண்டு பலகை உக்கிப்போச்சு. குசினி லாச்சிக்குள்ள எலிப் புழுக்கை. மனுசி எல்லாத்தையும் ஒருக்காச் சுத்திப் பாத்திட்டு, "அங்கை ஒரு வீடு கூட்டுறன், இஞ்சை இன்னொரு வீடு. இதுக்கே கடன் எடுத்தனீங்கள்?" எண்டா. நான் வாயே திறக்கேல்லை.

பம்புக்கு என்ன செய்யிறது? மற்றது, உங்களில கொட்டேஜ் வச்சிருக்கிற ஆக்கள் எப்பதான் மீன் பிடிக்கிறனீங்கள்?

சுண்டங்கத்தரி | ஆகஸ்ட் 16, இரவு 11.20

வாழ்த்துக்கள் தம்பி, குடும்பத்தில சேர்ந்திட்டீங்கள்.

முதல் பம்பை நிப்பாட்டுங்கோ. தண்ணி இல்லாமல் ஓடினால் சீல் எரிஞ்சு துலைஞ்சிடும். பம்பின்ர தலையில ஒரு மூடி இருக்கும், அதைக் கழட்டி வாளியால ஏரித் தண்ணி ஊத்துங்கோ. குமிழி வாறது நிண்டு, தண்ணி விளிம்பில அசையாமல் நிக்க வேணும். பிறகு மூடியைப் பூட்டி ஓட விடுங்கோ. ஊத்த ஊத்த இறங்கிக்கொண்டே போகுதெண்டால் ஏரிக்குள்ள குழாய் நுனியில இருக்கிற ஃபுட் வால்வு மூடுறேல்லை எண்டு அர்த்தம். நூற்றுக்கு எழுபது தரம் அதில சீப்ரா மட்டிதான் ஒட்டியிருக்கும். நூற்றுக்கு எழுபது எண்டது என்ர கணக்கு, ஆரும் ஆதாரம் கேக்காதேங்கோ. இறங்கிச் சுரண்ட வேணும். கையுறை போடுங்கோ.

மீனுக்கு நேரம்? எங்களுக்கு ஒன்பது வருசம். விடியப்புறமும் பொழுதுபடேக்கையும் மீன். ஆகஸ்டில மத்தியானம் மீன் ஆழத்துக்கும் பாசி நிழலுக்கும் போயிடும், அந்த நேரம் வெயிலில குந்தியிருந்து தூண்டிலைப் பாக்கிறதை விடப் பீலி வழிக்கலாம். ஆனா ஒரு நாளைக்கு ஒரு வேலைதான். ரெண்டாவது வேலையைத் தொடாதேங்கோ. முதல் வருசம் நான் எல்லாத்தையும் ஒரே கிழமைக்க செய்யப் போய், டொக்கில நிண்டு அழுதனான்.

ஒற்றைப்பனை | ஆகஸ்ட் 17, காலை 7.05

ஊரில கிணத்தடியில கப்பி உருளாட்டியும் இதே பேச்சுத்தான். நாப்பது வருசம் கழிச்சு கடன் எடுத்து அதையே வாங்கியிருக்கிறம்.

மேல்குளத்தான் | ஆகஸ்ட் 17, காலை 9.48

உங்களுக்குக் குழாயில்தான் தண்ணீர் இல்லை. எனக்கு ஏரியிலேயே இல்லை.

நான் ஹாலிபர்ட்டன் பக்கம். ஜூனில் என் டொக்கின் நுனியில் ஆள் ஆழம் இருந்தது. இப்போது படகைச் சேற்றில் இழுத்துத்தான் தள்ளுகிறேன். புதிதாக வாங்கியவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். நீங்கள் இருப்பது ட்ரென்ட்-செவர்ன் நீர்வழி. ட்ரென்டனில் தொடங்கி ஜோர்ஜியன் வளைகுடா வரை 386 கிலோமீற்றர். முழு வழியும் முடிந்தது 1920இல். உங்கள் ஏரிகளில் படகு போக மட்டம் நிற்க வேண்டும். அதற்காக ஹாலிபர்ட்டன் ஏரிகளை நீர்த்தேக்கமாக வைத்து, கோடை முழுக்க அணைப் பலகைகளைக் கழற்றித் தண்ணீரைக் கீழே விடுகிறார்கள். நான் இரணைமடுவுக்குக் கீழே வயல் வைத்திருந்த குடும்பம். அப்போது குளத்தில் இருந்து தண்ணீர் கேட்டுச் சண்டை பிடித்தோம். இப்போது குளத்துக்குள்ளேயே குடியிருந்து, கீழே விடாதே என்று சண்டை பிடிக்கிறேன்.

ஆகவே கரைவலை, உங்கள் டொக் மிதக்கிறதென்றால் அது என் தண்ணீர். நன்றி சொல்லலாம்.

தாமிரபரணி | ஆகஸ்ட் 17, மதியம் 1.15

அண்ணா, நான் மிசிசாகா. சொந்த ஊர் திருநெல்வேலி. லேபர் டே வார இறுதிக்கு நாங்க நாலு குடும்பம் கவார்த்தா பக்கம் ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருக்கோம். மீன் பிடிக்க எல்லாருக்கும் லைசென்ஸ் வேணுமா? ஊர்ல இருந்து மாமனார் வந்திருக்காரு, அறுபத்தெட்டு வயசு. சீனியருக்கு வேண்டாம்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார்.

இன்னொண்ணு, போன வருஷம் என் கட்டைவிரல்ல தூண்டில் முள் ஏறி, முனை உள்ள போய் மாட்டிக்கிச்சு. எமர்ஜென்சில ஆறு மணி நேரம் உக்காந்தேன். டாக்டர் வந்து ஒரு நூலைக் கட்டி ஒரே சுண்டு, அரை செகண்ட்ல வந்துருச்சு. இந்தத் தடவை முள்ளோட கொக்கியை இடுக்கியால நசுக்கிட்டுத்தான் பசங்க கையில கொடுக்கப் போறேன்.

அளவுகோல் | ஆகஸ்ட் 17, மதியம் 2.02

தாமிரபரணி, கவனமா வாசியுங்கோ. கனபேர் மாட்டுப்படுறது இதிலதான்.

18 இலிருந்து 64 வயசு வரை ஒன்ராறியோவில இருக்கிறவைக்கு அவுட்டோர்ஸ் கார்ட்டும் மீன்பிடி லைசன்ஸும் வேணும். கார்ட் மூண்டு வருசத்துக்கு. 18க்குக் கீழையும், 65உம் அதுக்கு மேலையும் லைசன்ஸ் வேண்டாம். ஆனா அது கனடாவில வசிக்கிற ஆக்களுக்கு. ஊரில இருந்து விசிட் வந்த மாமனாருக்கு அறுபத்தெட்டெண்டாலும் எடுக்கத்தான் வேணும். இஞ்சை வசிக்கிற வயசுபோன ஆக்களும் பிறந்த திகதி போட்ட அரசாங்க அடையாள அட்டை ஒண்டு கையில வச்சிருக்க வேணும், "என்ர நரையைப் பாருங்கோ" எண்டு காட்டேலாது.

லைசன்ஸில ரெண்டு வகை, ஸ்போர்ட், கொன்சர்வேஷன். ரெண்டாவது மலிவு, ஆனா வச்சிருக்கக்கூடிய எண்ணிக்கை குறைவு. கவார்த்தா ஏரியள் மீன்பிடிச் சட்டத்தில 17ஆம் வலயம். அங்க பிக்கரல் (வோல்ஐ எண்டும் சொல்லுவினம், ஒரே மீன்தான்) ஸ்போர்ட்டுக்கு நாலு, கொன்சர்வேஷனுக்கு ஒண்டு. நீளம் 35க்கும் 50 சென்ரிமீற்றருக்கும் இடையில இருக்க வேணும். சின்னனையும் விட வேணும், பெரிசையும் விட வேணும். பெரிசு சினைபோடுற தாய், அதை விட்டால்தான் நாளைக்கு மீன்.

கரைவலை | ஆகஸ்ட் 18, இரவு 9.31

தண்ணி வந்திட்டுது! சுண்டங்கத்தரி அக்காவுக்குக் கோடி புண்ணியம்.

நீங்கள் சொன்னது சரி. நெஞ்சளவு தண்ணியில இறங்கிக் குழாயைத் தூக்கினால், வால்வு எங்கை எண்டே தெரியேல்லை. தேங்காய் அளவில ஒரு மட்டிக் கட்டி. ஒவ்வொண்டும் ஒரு நகத்தளவுதான், வரி வரியா, ஆனா விளிம்பு பிளேட். கையுறை போடச் சொன்னதை வாசிச்சனான், போடேல்லை. மூண்டு விரலில வெட்டு. மகன் கரையில நிண்டு "அப்பா, ரத்தத்துக்குச் சுறா வருமோ?" எண்டு கேட்டான். ஏரியில சுறா இல்லையெண்டு சொல்ல, "அப்ப என்னத்துக்கு வந்தனாங்கள்?" எண்டான்.

இனி மீன். ரெண்டு நாள் நான் நூற்றி எழுபது டொலர் தூண்டிலோட படகில போய் வந்ததுக்கு ஒரு பாசிக்கட்டும், பாசிக்குள்ள ஒரு பாட்டாச் செருப்பும். அம்மா டொக்கில பிளாஸ்ரிக் கதிரை போட்டுக் குந்தியிருந்தவ. என்ர பெட்டிக்குள்ள கிடந்த மிச்சத் தங்கூசியை ஒரு தண்ணிப் போத்திலில சுத்தி, சின்ன முள்ளொண்டு கட்டி, ரொட்டி மாவைக் கடலையளவு உருட்டிக் குத்தினா. மிதவை இல்லை, ஈயம் இல்லை. நூலைச் சுட்டுவிரல் நுனியில வச்சுக்கொண்டு, ஆரோ காதில கதை சொல்லுற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவ. ஒரு சுண்டு. ஒரு மீன். ஒரு மணித்தியாலத்தில பதினொண்டு!

எல்லாம் சன்ஃபிஷ். கையளவு, தட்டை, வயிறு மஞ்சள், செவுள் மூடியின்ர நுனியில ஒரு சிவத்தப் பொட்டு. அம்மா அதுக்கு "பொட்டுக்காரி" எண்டு பேர் வச்சிட்டா. அவ முல்லைத்தீவில பிறந்து வளந்தவ. இருவத்திரண்டு வருசமா ஸ்காபரோ அடுக்குமாடியில எலிவேற்றருக்குக் காத்து நிண்ட அம்மாவை மட்டும்தான் என்ர பிள்ளையளுக்குத் தெரியும். மகள் வாயைத் திறந்தபடி நிண்டாள்.

ஒற்றைப்பனை | ஆகஸ்ட் 18, இரவு 9.50

170 டொலர் தூண்டிலை வித்து அம்மாவுக்கு இன்னொரு தண்ணிப் போத்தில் வாங்கிக் குடுங்கோ.

சுண்டங்கத்தரி | ஆகஸ்ட் 18, இரவு 10.14

பதினொரு சன்ஃபிஷ் எண்டால் இனி மீன் வெட்டுற வேலை உங்கட தலையில. முதுகு முள்ளு குத்தும், தலையில இருந்து வாலுக்குத் தடவிப் படிய வச்சுப் பிடியுங்கோ. செதிளை வெளியில, தண்ணி நிறைஞ்ச வாளிக்குள்ள வச்சு உரசினால் பறக்காது. குசினிக்குள்ள செய்தால் அடுத்த மே மாதமும் கண்ணாடியில ஒட்டியிருக்கும்.

குடலையும் தலையையும் ஏரிக்குள்ள எறியாதேங்கோ. குப்பை வாளியிலயும் போடாதேங்கோ, ராக்கூன் மூடியைத் திறந்து முற்றம் முழுக்கப் பந்தி வைக்கும், கரடி வந்தால் அது வேற கதை. பையில கட்டி ஃப்ரீசரில வச்சு, குப்பை இறக்கப் போற நாளில எடுத்துக்கொண்டு போங்கோ. எங்கட ஃப்ரீசரில அந்தப் பைக்கு மேல சிவத்த நாடா கட்டியிருக்கும். ஒருக்கா மாமியார் தெரியாமல் எடுத்துக் கரைய வச்சிட்டா, அதுக்குப் பிறகு வந்த ஏற்பாடு.

சேத்து மணம் வரும் எண்டு சொல்லுற ஆக்களுக்கு: உப்பும் மஞ்சளும் பழப்புளியும் பிரட்டி இருபது நிமிசம் வச்சுக் கழுவினால் போயிடும். சன்ஃபிஷ், பேர்ச், கிராப்பி எல்லாம் மொறுமொறெண்டு பொரிக்கத்தான் நல்லது. பொரிச்ச எண்ணெயைச் சிங்கில ஊத்தாதேங்கோ. உங்களுக்கு இருக்கிறது செப்ரிக் டாங்க், நகரக் குழாய் இல்லை.

மேல்குளத்தான் | ஆகஸ்ட் 19, காலை 8.20

பாசிக்கட்டு என்று எழுதியிருந்தீர்கள். அடுத்து நீங்கள் செய்யப் போவது தெரியும்: ஒரு பெரிய வாரியை வாங்கி டொக்கைச் சுற்றி வழிப்பீர்கள். எல்லாரும் செய்வதுதான். இரண்டு விஷயம் மட்டும். முதலாவது, அந்த நீர்வழியில் நீர்த்தாவரம் அகற்றப் பார்க்ஸ் கனடாவின் அனுமதி வேண்டும். இரண்டாவது, தண்ணீருக்கு மேலே புல் போல நிமிர்ந்து, நுனியில் கதிர் விட்டு நிற்கிறதென்றால் அது களை இல்லை. மனோமின், காட்டரிசி. கர்வ் லேக் முதற்குடியினர் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பரிலும் சிறு படகில் போய், கதிரை வளைத்துத் தடியால் தட்டி, அரிசியைப் படகுக்குள்ளேயே விழுத்துவார்கள். பிஜன் ஏரியில் கொட்டேஜ்காரர்களுக்கும் அவர்களுக்கும் இதனால் பெரிய மனத்தாங்கல் நடந்தது. காட்சி கெடுகிறது, படகு போக முடியவில்லை என்று இவர்கள். எங்கள் சோறு என்று அவர்கள். நெல் விதைத்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, கதிரோடு நிற்கும் பயிரைப் பிடுங்கிக் கரையில் காய விடுபவர்களைப் பார்த்தால் கை பதறும்.

கரைவலை | ஆகஸ்ட் 21, இரவு 11.40

இண்டைக்கு நடந்ததை எழுதாட்டி நித்திரை வராது.

பகல் வேலை: டொக் பலகை ரெண்டும் மாத்தியாச்சு. பழைய பலகையைக் கிளப்ப, கீழ இருந்து உள்ளங்கையளவில ஒரு சிலந்தி முட்டைப் பொதியைக் காவிக்கொண்டு வந்துது. மனுசி போட்ட சத்தத்துக்கு எதிர்க்கரையில இருந்த வெள்ளைக்காரர் எழும்பி நிண்டு கையை ஆட்டினார்.

பின்னேரம் ஏழரைக்குப் படகு. நானும் பிள்ளையளும். பாசி முடிஞ்சு ஆழம் தொடங்கிற ஓரத்தில நங்கூரம் போட்டு, ஜிக் எண்ட ஈயத்தலை முள்ளில அரைப் புழு குத்தி அடியில தட்டிக்கொண்டு இருந்தம். சூரியன் போய்க் கால் மணித்தியாலம். தூண்டில் வளைஞ்சுது. பாசியாக்கும் எண்டு நினைச்சால், பாசி தலையை ஆட்டுது! வலையில கோலி எடுத்து டோர்ச் அடிக்க, கண் ரெண்டும் பூனைக் கண் மாதிரி மினுங்குது. பிக்கரல். பொன் நிறம், வால் நுனியில வெள்ளை. அளந்தால் 52.

திரும்ப அளந்தன். 52. வாலைச் சேத்துப் பிடிச்சு, வாயை மூடி, மூண்டாந்தரமும் 52. மகன் அழுவாரைப் போல நிக்கிறான். அந்த நேரம் பாத்து ஒரு படகு வந்து பக்கத்தில நிக்குது. கொன்சர்வேஷன் ஒஃபிசர், மீன்பிடிச் சட்டம் பாக்கிற அதிகாரி. லைசன்ஸ் பாத்தார், உயிர்காப்பு அங்கி எத்தினை எண்டு எண்ணினார், விசில் இருக்கோ எண்டு கேட்டார். நான் மீனைத் தண்ணிக்குள்ள பிடிச்சபடி நிக்கிறன், அது மெல்லச் செவுளைத் திறந்து மூடுது. அவர் எட்டிப் பாத்து, நல்ல மீன் எண்டு சொல்லிப்போட்டுக் காத்துக்கொண்டு நிண்டார். கையை விட்டன். ஒரு வீச்சு, முகமெல்லாம் தண்ணி.

பேந்து அவர் டொக்குக்குப் போய் அம்மாவிட்டையும் கேட்டிருக்கிறார். அம்மா சட்டைக்குள்ள கொழுவியிருந்த சின்னப் பையைத் திறந்து, ஹெல்த் கார்ட், பஸ் கார்ட், முருகன் படம் மூண்டையும் நீட்டினவவாம். அவர் ஹெல்த் கார்ட்டை மட்டும் பாத்திட்டு, வாளிக்குள்ள இருந்த மீனை எண்ணி, "வெரி குட்" எண்டாராம். அம்மாவுக்கு இப்ப அந்த ரெண்டு சொல்லும்தான் வாயில.

அவவுக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. பெரிய மீனை ஏன் விட்டனீ? தின்ன இல்லாட்டி என்னத்துக்கு அதின்ர வாயில முள்ளுக் குத்தினனீ?

தாமிரபரணி | ஆகஸ்ட் 22, காலை 6.58

பாட்டி கேக்கறதுல நியாயம் இருக்குண்ணா. பிடிச்சு, படம் எடுத்து, விட்டுடறதை இங்க பெருமையா பேசுறாங்க. எங்க ஊர் ஆத்துல தூண்டில் போட்டா சாயந்திரம் குழம்பு. குழம்பு வேண்டாம்னா தூண்டிலே போட மாட்டோம். விளையாட்டுக்கு ஒரு உசிரை இழுத்துப் பாக்கறது எனக்கு இன்னும் ஒட்டல.

அளவுகோல் | ஆகஸ்ட் 22, காலை 8.11

விளையாட்டுக்கு விடுறது வேற, அளவுக்கு மிஞ்சினதை விடுறது வேற. இவர் விட்டது ரெண்டாவது. அதோட பெரிய பிக்கரலில பாதரசமும் கூட. மாகாண அரசு ஏரி ஏரியா, மீன் மீனா, நீளம் நீளமா ஒரு அட்டவணை வச்சிருக்குது, மாசத்துக்கு எத்தினை தரம் தின்னலாம் எண்டு. பிள்ளையளுக்கும் பிள்ளைப்பேறு வயசுப் பெண்களுக்கும் தனி வரிசை. பொட்டுக்காரி மாதிரிச் சின்ன மீன்தான் தின்ன நல்லது. அம்மாவின்ர வாளிதான் சரியான வாளி.

கரைவலை, ஒண்டு கேக்க வேணும். அந்த மீன் எல்லாம் என்ன வடிவத்தில ஃப்ரீசரில கிடக்கு?

கரைவலை | ஆகஸ்ட் 22, காலை 8.40

அம்மா துண்டு துண்டா வெட்டி, உப்பு மஞ்சள் போட்டு, ஐஸ்கிரீம் டப்பாவில. ஸ்காபரோவுக்குக் கொண்டுபோய்ச் சொந்தக்காரருக்குக் குடுக்கப் போறாவாம். ஏன்?

அளவுகோல் | ஆகஸ்ட் 22, காலை 8.46

பயந்தது சரியாப் போச்சு. வழியில மறிச்சால், என்ன மீன், எத்தினை மீன் எண்டு பாத்த உடன தெரிய வேணும். ஃபிலே எண்டால் தோலில ஒரு துண்டு விட வேணும். நீளக் கட்டுப்பாடு உள்ள மீன் எண்டால் அளக்கக்கூடிய மாதிரி முழுசா இருக்க வேணும். குழம்புத் துண்டு ஒண்டும் ஆகாது. கொட்டேஜில வச்சே சமைச்சுத் தின்னுங்கோ. கொண்டுபோறதெண்டால் இனிப் பிடிக்கிறதைக் குடல் மட்டும் எடுத்துப்போட்டு முழுசா வையுங்கோ.

இன்னொண்டு, "ஒரு நாளைக்கு நாலு, பத்து நாளைக்கு நாப்பது" எண்டு கணக்குப் போடுற ஆக்கள் இருக்கினம். பிக்கரலுக்கு அந்த நாலு எண்டது உங்கட கையில மொத்தமா இருக்கக்கூடியது. ஃப்ரீசரும் கைதான்.

ஒற்றைப்பனை | ஆகஸ்ட் 22, காலை 9.00

"ஃப்ரீசரும் கைதான்." இதை என்ர மனுசியின்ர குளிர்பெட்டியில எழுதி ஒட்டப் போறன்.

கரைவலை | ஆகஸ்ட் 25, இரவு 10.15

சனி ஞாயிறு மச்சான்மார் குடும்பம், அவையின்ர சினேகிதர், பிள்ளையள் எண்டு பத்தொன்பது பேர். நாலு கார். மூண்டு றைஸ் குக்கர். சனி பின்னேரம் மட்டும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஆறு மணிக்குக் குளியலறைக்குள்ள இருந்து "குளுக் குளுக்" எண்டு ஒரு சத்தம். பேந்து மணம்.

செப்ரிக் நிரம்பிட்டுது. அதை இழுக்கிற வண்டிக்காரருக்கு ஃபோன் அடிச்சால் திங்கள்தான் வருவினமாம். பத்தொன்பது பேர், ஒரு கக்கூஸ், அதுவும் இல்லை. பெரிய மச்சான் பொப்கேஜனுக்கு ஆக்களை மூண்டு மூண்டு பேரா காரில ஏத்தி இறக்கிக் கோப்பிக் கடை காட்டினார். ஒவ்வொரு முறையும் ஒரு கோப்பி வாங்க வேண்டிக் கிடந்துது, அது பிரச்சினையை இன்னும் கூட்டிச்சுது.

விறகும் வந்துது. "ஒரு கோர்ட்" எண்டு காசு வாங்கினவர் இறக்கிவிட்டது ஒரு வரிசை. இது சரியோ?

சுண்டங்கத்தரி | ஆகஸ்ட் 25, இரவு 10.48

சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகுது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எங்களுக்கும் மூண்டாம் வருசம் இதேதான், எனக்கு மாமனாரின்ர அறுபதாம் கலியாணம்.

செப்ரிக்கை மூண்டிலிருந்து அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா இழுக்க வேணும். வித்தவர் கடைசியா எப்ப இழுத்தவர் எண்டு கேட்டனீங்களோ? இனிமேல் பத்துப் பேருக்கு மேல எண்டால் வெளிக் கக்கூஸ் ஒண்டு வாடகைக்கு எடுங்கோ. குளிக்க ஏரி இருக்கு, ஆனா சோப்போட இறங்க விடாதேங்கோ.

விறகு: முழுக் கோர்ட் எண்டால் நாலடி உயரம், நாலடி அகலம், எட்டடி நீளம், 128 கன அடி. ஒரு வரிசை, பதினாறு அங்குலக் கட்டை எண்டால் அது ஃபேஸ் கோர்ட், மூண்டில ஒண்டு. கேக்கேக்கையே "புஷ் கோர்ட்" எண்டு சொல்லிக் கேக்க வேணும். கட்டையைத் தட்டிப் பாருங்கோ, "டிங்" எண்டால் காய்ஞ்சது, "தொம்" எண்டால் பச்சை, அடுத்த வருசத்துக்கு அடுக்குங்கோ. மிச்சத்தை ஸ்காபரோவுக்குக் காவாதேங்கோ, ஆஷ் மரத்தைத் தின்னுற பச்சை வண்டு விறகோடதான் ஊர் ஊராப் போகுது.

மேல்குளத்தான் | ஆகஸ்ட் 26, காலை 9.05

இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போங்கள். பீற்றர்பரோவில் படகு தூக்கும் லிஃப்ற் லொக், 1904இல் திறந்தது. 65 அடி உயரத்துக்குப் படகைத் தண்ணீர்த் தொட்டியோடு தூக்கும். மேலே நிற்கும் தொட்டியில் ஒரு அடித் தண்ணீர் கூடுதலாக விடுவார்கள். அந்தப் பாரத்தில் அது இறங்க, மற்றது ஏறும். துலா மாதிரித்தான். உங்கள் அம்மாவுக்கு ஒரு நொடியில் விளங்கும், பேரனுக்கு அவரே சொல்லிக்கொடுப்பார்.

கரைவலை | ஆகஸ்ட் 29, இரவு 9.22

போனம். அம்மா தொட்டி ஏறி இறங்கிறதைப் பாத்திட்டு, "துலாவில ஏறி மிதிக்கிற வேலையைத் தண்ணி செய்யுது" எண்டா. அவ்வளவுதான்.

இரவில குளிர் விழத் தொடங்கிட்டுது. விடிய ஏரிக்கு மேல புகார், தண்ணி காத்தை விடச் சூடு. லூன் பறவை கூப்பிடுறதை முதல் நாள் கேட்டு அம்மா எழும்பியிருந்து, "ஆரோ செத்த வீட்டில ஒப்பாரி வைக்கினம்" எண்டவ. இப்ப அது கத்தாட்டி நித்திரை வருகுதில்லையாம்.

நாளைக்குக் கூழ். ஐஸ்கிரீம் டப்பா மீன் எல்லாம் அதுக்குள்ள போகுது, அளவுகோல் அண்ணை நிம்மதியா இருக்கலாம். ஒடியல் மா அம்மா பையில கொண்டுவந்திருக்கிறா. நண்டும் றாலும் ஸ்காபரோவில இருந்து மச்சான் கொண்டுவாறார். பலாக்கொட்டை ஃப்ரோசன். பிளா கோலப் பனையோலை இல்லை, கடுதாசிக் கோப்பைதான். கூழ் காய்ச்சுறதுக்கு முற்றத்தில மூண்டு கல்லு வச்சாச்சு, விறகு அந்த மூண்டில ஒண்டு கோர்ட்.

கரைவலை | செப்டெம்பர் 1, இரவு 8.37

வணக்கம். நான் இவரின்ர மனுசி. லப்டொப்பைத் திறந்தபடி விட்டிட்டுப் படகு கழுவப் போயிட்டார், அதால முழுக்க வாசிச்சன்.

சில திருத்தங்கள். 52 சென்ரிமீற்றர் மீனைப் பிடிச்சது மகள். "தூண்டில் வளைஞ்சுது" எண்டு எழுதியிருக்கிறார், ஆரின்ர தூண்டில் எண்டு எழுதேல்லை. அழுவாரைப் போல நிண்டதும் மகன் இல்லை. டொக் பலகையில ஒண்டை மாத்தினது பெரிய மச்சான், மற்றதில இப்பவும் ஆணி நீட்டிக்கொண்டு நிக்குது. பீலி இன்னும் வழிக்கேல்லை. அந்த மரம் பதினேழு நாளில நாலு விரல் வளந்திட்டுது, நான் அளந்தனான்.

"இதுக்கே கடன் எடுத்தனீங்கள்" எண்டு கேட்டது உண்மை. பிறகு மாமியும் நானும் தினம் காலமை ஆறு மணிக்கு, இவர் எழும்ப முந்தி, டொக்கில தேத்தண்ணியோட இருந்தனாங்கள். மாமி எனக்குக் கைத்தூண்டில் பழக்கினவ. என்ர கணக்கு இருபத்தாறு. அது இவருக்குத் தெரியாது.

சுண்டங்கத்தரி அக்கா, ஒரு கேள்வி. ஒக்டோபரில நன்றி நவிலல் லீவுக்கு வந்து குளிர்காலத்துக்குத் தண்ணி பூட்டேக்கை, உறைஞ்சு வெடிக்காமல் குழாயுக்குள்ள ஊத்துற அந்த ரோஸ் நிறத் தண்ணி எத்தினை கலன் வேணும்? இவரிட்டைக் கேட்டால் பாத்துச் சொல்லுறன் எண்டுவார்.

சுண்டங்கத்தரி | செப்டெம்பர் 1, இரவு 8.55

இருபத்தாறோ! தங்கச்சி, உங்கட அளவு வீட்டுக்கு முதல் குழாயெல்லாம் திறந்து வடிய விட்டிட்டு, மூண்டு கலனோட தொடங்குங்கோ, ஒண்டைக் கையில மேலதிகமா வச்சிருங்கோ. ஒவ்வொரு சிங்குக்குக் கீழையும் வளைஞ்சிருக்கிற குழாயிலயும் கக்கூஸ் கோப்பையிலயும் ஊத்த மறக்காதேங்கோ. ஃபுட் வால்வுக் குழாயை ஏரியில இருந்து இழுத்துக் கரையில போடுங்கோ. கையுறை.

கரைவலை | செப்டெம்பர் 1, இரவு 9.30

கடவுச்சொல்லை மாத்திப் போட்டன். மற்றது, பீலிக்கு ஏணி எத்தினை அடி வேணும் எண்டு ஆராவது சொல்லுங்கோ.